சரித்திர நாவல் படிக்கும் பந்தயம்

எங்கள் ஊர் வாசகசாலையில் சென்ற வருஷம் ஒரு பந்தயம் ஏற்படுத்தினார்கள். வருஷத்திற்குப் பன்னிரண்டு சரித்திர நாவல்கள் படிக்க வேண்டியது, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு மதிப்புரை எழுத வேண்டியது, நன்றாக எழுதியவருக்குப் பரிசு என்பது ஏற்பாடு. கைபேசியை வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கும் வாலிபர்களைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விழித்திருக்கும்படி செய்ததற்காக அந்த நிர்வாகிகளைப் பாராட்டியே தீர வேண்டும். ஆனால் நோட்டுகளைப் பார்த்து முடிவு சொல்லும் வேலையை எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட என் தலையில் கட்டியதுதான் வேடிக்கை.

பதினேழு நோட்டுகள் வந்தன. அவற்றில் பதினைந்தில் மதிப்புரை என்பதாக ஒன்றுமே இல்லை. கதைச் சுருக்கம் இருந்தது, புகழ்ச்சி இருந்தது. "கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்", "கீழே வைக்க மனமே வரவில்லை" என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதுபோல் இருந்தது. கோவிலுக்குப் போய் வந்தவன் "தரிசனம் வெகு திவ்வியம்" என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

பெரும்பாலோர் எடுத்துக்கொண்டது கல்கியின் "பொன்னியின் செல்வன்". அதில் ஆச்சரியமில்லை. 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வெளிவந்து, ஐந்து பாகப் புத்தகமாகி, 2022லும் 2023லும் இரண்டு சினிமாப் படங்களாகவும் ஓடிய கதை அது. அதைப்பற்றி எழுதிய ஒரு வாலிபர், "ஆதித்த கரிகாலனை நந்தினியின் சூழ்ச்சியால் பாண்டிய நாட்டார் தீர்த்துக்கட்டியது சரித்திரப் பிரசித்தம்" என்று எழுதியிருந்தார். இந்தச் "சரித்திரப் பிரசித்தம்" என்கிற ஒரு வார்த்தைதான் என்னை இக்கட்டுரை எழுதச் செய்தது.

நாவல் படிப்பதே பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழைவிட, பத்திரிகைத் தொடர்களைக் கிழித்துப் பைண்டு செய்து வைத்திருந்த பக்கத்து வீட்டாரிடம் இரவல் வாங்கிக் கற்ற தமிழே எனக்கு அதிகம். அட்டையில்லாத "பொன்னியின் செல்வன்" மூன்றாம் பாகத்தை, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு இரண்டு ராத்திரியில் முடித்தவன்தான் நான். நந்தினி என்பவள் உண்மையில் இருந்தவள் என்றே இருபத்தைந்து வயது வரையில் நம்பியும் இருந்தேன். ஆகவே அந்த வாலிபரைப் பரிகாசம் செய்ய எனக்கு வாய் இல்லை.

சரி, சரித்திரம் என்னதான் சொல்லுகிறது? சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறிக் காட்டுமன்னார்கோவிலில் இறங்கினால், பக்கத்திலேயே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோவில் இருக்கிறது. அதில் முதலாம் இராஜராஜனுடைய இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவன் பட்டத்திற்கு வந்தது 985இல். பாண்டியன் தலைகொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று அக்கல்வெட்டு சிலரைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்பன அப்பெயர்கள். இவர்களுடைய சொத்தும் இவர்களது உறவினர் சொத்தும் பறிமுதலானது பற்றிய உத்திரவே அக்கல்லில் உள்ள சங்கதி. பிரமாதிராஜன் என்பது அக்காலத்தில் பிராமண அதிகாரிகளுக்கு அரசர்கள் கொடுத்த பட்டம் என்று சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இனி நாவலைப் பாருங்கள். அங்கேயும் ரவிதாஸன் வருகிறான். எப்படி வருகிறான்? ஆந்தைபோல் கத்திக்கொண்டு காட்டில் திரியும் மந்திரவாதியாகவும், வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கச் சபதம் செய்த ஆபத்துதவியாகவும் வருகிறான். சோழ அரசாங்கத்தில் பட்டம் பெற்ற அதிகாரி மறைந்துபோனான்! நந்தினியோ எந்தக் கல்லிலும் செப்பேட்டிலும் இல்லாதவள். கதை எழுதுகிறவருக்கு அவ்வளவு சுதந்திரம் உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. பஞ்சவன் என்பது பாண்டியர்க்குள்ள பெயராதலால் பாண்டிய சம்பந்தம் இருக்கலாமென்று நினைக்கவும் இடமுண்டு. ஆனால் படிக்கிறவனுக்கு அறிவு எங்கே போயிற்று? கல்லில் உள்ளதைவிடக் கதையில் உள்ளதுதான் ஜனங்களுக்கு ஞாபகமிருக்கிறது. ஆயிரம் வருஷம் மழையிலும் வெயிலிலும் நின்ற கல்லை நான்கு வருஷத் தொடர்கதை ஜெயித்துவிட்டதே!

இது நிற்க, பதினாறாவது நோட்டைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அதை எழுதியவர் நமது தோழர்தான். அவர் இந்தக் கல்வெட்டை எங்கேயோ படித்துவிட்டு, "பார்ப்பனர் சதி செய்து கரிகாலனைக் கொன்றார்கள், கல்கி அதை வேண்டுமென்றே மூடினார், இது ருஜுவான விஷயம்" என்று அடித்து எழுதியிருந்தார். படித்தவுடன் கை தட்டலாமென்றுதான் தோன்றிற்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். கொன்றவர்கள் யார் என்று கல் சொல்லுகிறது. ஏன் கொன்றார்கள், யாருக்காகக் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழன்மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடோ ஆதித்தன் வானுலகம் போனான் என்ற மட்டில் நிறுத்திக்கொள்ளுகிறது. கல்கியின் மனதில் இருந்தது என்னவென்று நமது தோழர் எப்படிக் கண்டார்? புராணத்தைக் குற்றம் சொல்லுகிற நாமே சொந்தமாக ஒரு புராணம் கட்டலாமா என்று அவரிடமே கேட்டேன். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

கேட்கவேண்டிய கேள்விகள் இல்லாமலில்லை. இளவரசனைக் கொன்றவர்களுக்குச் சொத்துப் பறிமுதல் என்றிருக்கிறதே ஒழிய, அக்கல்லில் தலை வாங்கியதாக ஒரு வார்த்தை இல்லை. எந்தக் குற்றம் செய்தாலும் பிராமணனைக் கொல்லக்கூடாதென்று மனு எட்டாம் அத்தியாயத்தில் எழுதி வைத்திருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமுண்டா? இருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் "படுகிறது" என்பதற்கும் "ருஜுவாயிற்று" என்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. இதை விட்டுவிட்டு, வந்தியத்தேவனின் குதிரை எவ்வளவு வேகமாக ஓடிற்று என்று நான்கு பக்கம் எழுதுவதா மதிப்புரை?

பதினேழாவது நோட்டு பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுடையது. அதில் பொன்னியின் செல்வனுக்கு அரைப் பக்கந்தான். இடப்பக்கத்தில் "உண்மையில் இருந்தவர்கள்", வலப்பக்கத்தில் "ஆசிரியர் உண்டாக்கியவர்கள்" என்று கோடு போட்டுப் பெயர்களைப் பிரித்திருந்தாள். குந்தவை, வந்தியத்தேவன் இடப்பக்கம். நந்தினி, பூங்குழலி வலப்பக்கம். ரவிதாஸன் பெயரைக் கோட்டின் மேலேயே எழுதி, "இந்தப் பெயர் கல்வெட்டில் இருக்கிறது, இந்த ஆள் இருந்தானா?" என்று கேட்டிருந்தாள். பரிசை அவளுக்குத்தான் கொடுக்கச் சொன்னேன். அரைப் பக்கத்திற்குப் பரிசா என்று நிர்வாகிகளில் இருவருக்கு இன்னமும் கோபம். இந்த வருஷப் பந்தயத்திற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.