முயலுக்கு ஒரு வீடு

சென்ற மாதம் மத்ரஸாவில் பாடம் முடிந்து எழும்பும்போது ஒரு மாணவன் கையடக்கத் தொலைபேசியை என் முன்னால் நீட்டினான். “ஹஸ்ரத், இதப் பாருங்க. இதுக்குக் கூடு செய்றது எப்படி?”

படத்தில் இருந்தது சின்சில்லா. தென்னமெரிக்காவில் அந்தீஸ் மலைக் குளிரில் வாழும் சிறு பிராணி. அதன் மென்மையான உரோமத்துக்காகவே மனிதன் அதை வேட்டையாடி ஏறத்தாழ அழித்துவிட்டான். 1923 ஆம் ஆண்டு மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் சிலி நாட்டிலிருந்து 11 சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். உஷ்ணம் தாங்காமல் இறந்துவிடுமே என்று பயந்து, மலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவற்றைக் கீழே இறக்கினார். வெப்பம் 25 பாகையைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து. நமது மாத்தளையின் ஏப்ரல் மாதப் பகலை நினைத்துப் பாருங்கள். “மகன், இதை இங்கே வைப்பது வளர்ப்பதல்ல, பொரிப்பது” என்றேன்.

“அப்ப முயல்?” என்றான். முயலைப் பற்றிப் பேசலாம். அதில் நான் ஒருமுறை தோற்றவன்.

சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளின் ஆசைக்காக இரண்டு முயல்கள் வாங்கினேன். வீட்டில் கிடந்த பலகைகளை அடித்து ஒரு பெட்டி செய்தேன். அடியில் ஒட்டுப்பலகை, மேலே மரத்தூள், முன்னால் கோழிக்கூட்டுக் கம்பி வலை. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. நவம்பரில் மழை பிடித்தது. சிறுநீரில் ஊறிய பலகை உப்பியது, நாற்றம் கிளம்பியது. எவ்வளவு கழுவினாலும் மரத்துக்குள் போனது வெளியே வரவில்லை. ஒரு மாதக் குட்டிகளுக்கு வயிறு ஊதிக் கழிச்சல் கண்டது. ஒரு வாரத்துக்குள் நான்கு குட்டிகள் மவுத்தாகிவிட்டன. கொக்சிடியா என்ற கிருமி என்றார் மிருக வைத்தியர். சாணத்தோடு வெளியேறும் அதன் முட்டை, ஈரத்தில் ஓரிரு நாள் கிடந்தால் தொற்றும் பருவத்தை அடைந்துவிடும். ஆகவே அன்றாடம் அகற்றினால் பாதி நோய் இல்லை. நான் வெள்ளிக்கு வெள்ளி அகற்றிக்கொண்டிருந்தேன்.

நான்காவது குட்டியைப் புதைத்துவிட்டு வரும்போது சின்ன மகள் கேட்டாள், “வாப்பா, நாமதானே அத பூட்டி வெச்சோம்?”

பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் ஹதீஸை எத்தனை வகுப்புகளில் ஓதிக்கொடுத்திருப்பேன்! அவள் தீனியும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன விடவுமில்லை. ‘நான் தீனி கொடுத்தேனே’ என்று மனம் வாதாடத்தான் செய்தது. ஆனால் விட்டிருந்தால் அந்த முயல் வேறிடம் போய்ப் படுத்திருக்கும். போகவிடாமல் பூட்டியவன் நான். பூட்டியவனே அதன் அசுத்தத்துக்கும் பொறுப்பு.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. முயல் இறைச்சி ஹலால். அபூதல்ஹா (ரலி) அவர்கள் அனுப்பிய முயல் தொடையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். (என் பிள்ளைகள் பெயர் வைத்த முயலை யாரும் அறுக்கப் போவதில்லை, அது வேறு.) ஆனால் நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், ஹலாலான பிராணியின் சிறுநீரும் சாணமும் நஜீஸ்தான். கூட்டைக் கழுவுபவரின் உடுப்பில் தெறித்தால் தொழுகைக்கு முன் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கழுவியது யார்? முயலை வாங்கிய நானா? ஒரு நாளைக்கு இரண்டு முறை உடுப்பு மாற்றிய என் மனைவிதான். கூடு இலகுவாகக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அழகுக்காகச் சொல்வதல்ல.

அடுத்த கூட்டை பாஸ் ஒருவரை அழைத்து, பக்கத்தில் இருந்தே செய்வித்தேன். நீளம் 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 2 அடி. அகலத்தை 2 அடிக்கு மேல் போக விடாதீர்கள். கை எட்டாத மூலை கழுவப்படாத மூலை. அடித்தளத்துக்கு அரை அங்குலத்துக்கு ஓர் அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ், 14 கேஜ், நாகம் பூசியது. சாணம் கீழே விழும், கால் விழாது. பக்கங்களுக்கும் அரை அங்குல வலைதான். சாரைப்பாம்பும் எலியும் நுழைய முடியாது. கோழிக்கூட்டு வலையை மட்டும் நம்பாதீர்கள். நாய் இழுத்தால் கிழியும்.

மரச்சட்டத்தை வலைக்கு வெளியே வைக்கச் சொன்னேன். பாஸுக்கு அது பிடிக்கவில்லை, மரம் உள்ளே இருந்தால்தான் வடிவு என்றார். உள்ளே இருந்தால் முயல் கொறிக்கும், சிறுநீர் ஊறும். அதே காரணத்தால் உள்பக்கம் பெயின்ட் எதுவும் பூசவில்லை.

கம்பியிலேயே நின்றால் முயலின் பின்னங்கால் புண்ணாகும். அது படுக்க ஒன்றரை அடிப் பலகை ஒன்று போதும். ஆனால் இரண்டு வைத்திருங்கள்: ஒன்று கூட்டில், மற்றது வெயிலில். இந்தக் கிருமி முட்டைக்குக் கடையில் வாங்கும் பிளீச் சரியான மருந்தல்ல. கொதிநீரும் நல்ல வெயிலும்தான் அதைக் கொல்லும். சிறுநீர் உள்ள இடத்தில் பிளீச்சை ஊற்றினால் எழும் புகை மனிதனுக்கே தீங்கு. தட்டில் படியும் வெள்ளைப் பொருக்குக்கு வினாகிரி போதும்.

தட்டு விஷயத்தில் முதலில் தகரம் போட்டேன், அரித்துவிட்டது. பிறகு நீலப் பிளாஸ்டிக் பீப்பா ஒன்றைப் பிளந்து விரித்து, பின்பக்கம் சரிவாக, இழுத்தெடுக்கக்கூடியதாகப் பொருத்தினேன். (கிருமிநாசினி இருந்த பீப்பா வேண்டாம்.) சிறுநீர் வடிந்து வாளியில் விழும். காலையில் தட்டை இழுத்துத் தண்ணீர் ஊற்ற ஐந்து நிமிடம். இப்போது அது என் வேலை.

கால்கள் 3 அடி, ஒவ்வொன்றும் தண்ணீர் ஊற்றிய பேணியில், எறும்பு ஏறாது. கூரைத் தகரத்துக்கும் கூட்டுக்கும் ஓரடி இடைவெளி, தகரத்தின் மேல் கிடுகு. மழைச்சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் பலகையால் மறைத்தோம். கதவுக்கு இரண்டு கொளுக்கிகள், அவற்றின் மேல் கம்பி முறுக்கு. மாத்தளைக் குரங்குக்குத் தெரியாத கொளுக்கி கிடையாது.

அந்தக் கூட்டில் பிறந்த குட்டிகளில் கழிச்சல் கண்டு இறந்தது இதுவரை ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். மாணவன் அளவுகளை எல்லாம் குறித்துக்கொண்டான். “உம்மாவிடம் கேட்டாயா?” என்றேன். கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவன் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.