65 கேப்டன்களும் நாலு பேர் ரூமும்

"லட்சக்கணக்குல சம்பளம் வாங்குறான், அதுக்கு மேல வாரத்துக்கு 48 மணி நேரம் ஓய்வு வேற வேணுமாம். கொழுப்புதானே?"

2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது எங்கள் வகுப்பில் ரொம்பப் பேர் சொன்ன டயலாக் இது. சொன்ன பாதிப் பேர் விமானத்தில் ஏறியதே இல்லை (நானும்தான். விருதுநகர் மாவட்டத்தில் விமான நிலையமே கிடையாது, மதுரைக்குத்தான் போகணும்). சரி, அது தமாஷ். ஆனால் இதே பேச்சைக் கொஞ்சம் கோட்டு சூட்டு மாட்டி, "இந்தக் கம்பெனியில் ஒரு விமானிக்கு இவ்வளவு உற்பத்தித் திறன், அந்தக் கம்பெனியில் இவ்வளவுதான்" என்று அட்டவணை போட்டுச் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதில்படி இண்டிகோவில் 5,085 விமானிகள். விமானங்கள் 400க்கு மேல். ஒரு விமானத்துக்குச் சுமார் 12 பேர். ஒரு விமானம் நாளுக்கு 12 மணி நேரம் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருசத்துக்கு 4,380 மணி. காக்பிட்டில் ரெண்டு பேர், ஆக 8,760. அதை 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 730 மணி நேரம். சட்டம் அனுமதிப்பது வருசத்துக்கு 1,000. "பாத்தியா, இன்னும் 270 மணி நேரம் பாக்கி இருக்கு, சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறான்" என்று உடனே ஒருத்தர் கிளம்புவார்.

அய்யா, 730 என்பது விமானம் நகர்ந்த நேரம் மட்டும். அதற்கு முன்னால் வந்து ரிப்போர்ட் செய்வது, ரெண்டு பயணத்துக்கு நடுவே காத்திருப்பது, கூப்பிட்டால் ஓடிவர ஸ்டாண்ட்பை இருப்பது, வெளியூர் ஓட்டலில் தங்குவது, சிமுலேட்டர் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை... எதுவும் அதில் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்குவதும் பகல் ரெண்டு மணிக்கு இறங்குவதும் அந்தக் கணக்கில் ஒரே மணி நேரம்தான்.

கம்பெனிக்குக் கம்பெனி ஒப்பிடுவது இன்னும் வேடிக்கை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் ஏடிஆர் விமானத்தில் 78 சீட்டு, ரெண்டு விமானி. டெல்லிக்குப் போகும் ஏர்பஸ் ஏ321ல் 220க்கு மேல் சீட்டு, அதே ரெண்டு விமானி. சீட்டுக் கணக்குப் போட்டால் தூத்துக்குடிக்காரர் சோம்பேறி! சான்பிரான்சிஸ்கோ போகும் ஏர் இந்தியா விமானத்தில் நாலு விமானிகள் மாறி மாறி ஓட்டணும். அதையும் உள்ளூர் விமானத்தையும் ஒரே தராசில் வைத்து, "ஏர் இந்தியாவில் ஆள் அதிகம்" என்று தீர்ப்புச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். திரி வைக்கிற அக்காவையும் சரம் பின்னுகிற அக்காவையும் எண்ணிக்கை வைத்து ஒப்பிடுகிற போர்மேன் எங்கள் ஊரில்கூட இல்லை.

எங்கள் ஊர் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது, மருந்து கலக்கும் ரூமில் ரெண்டு பேர்தான். எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. ஆனால் கூலி பீஸ் ரேட். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். நாலு பேர் ரூமில் எட்டுப் பேரை உட்கார வைத்தால் என்ன ஆகும்? கணக்குப் புத்தகத்தில் அந்தக் கட்டடத்தின் உற்பத்தி ரெண்டு மடங்கு. புதுச் சுவர் கட்டவில்லை, புது உரிமம் வாங்கவில்லை, செலவு குறைந்தது. எந்த எம்பிஏ வாத்தியாரும் கைதட்டுவார். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், 2025 ஜூலை 1 சின்னக்காமன்பட்டி... தேதிகளை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கணக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்வார்கள். முதலிப்பட்டியில் மட்டும் 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். விபத்துக்கு விபத்து விசாரணையில் அதே பல்லவி: அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து, உள்குத்தகை.

விமானிக்கான ஓய்வு விதியும் இந்த "நாலு பேர் ரூம்" விதி மாதிரிதான். பார்க்க வீண் செலவாகத் தெரியும். 2010 மே 22 மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்கள். துபாயிலிருந்து வந்த அந்தப் பயணத்தில் கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்ததை விசாரணை அறிக்கை பதிவு செய்தது. விடிகாலை இறக்கம், அரைத்தூக்கத்தில் முடிவு. அந்தத் தூக்கத்தை எந்த உற்பத்தித் திறன் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?

சரி, டிசம்பர் கூத்துக்கு வருவோம். புது விதிகளை டிஜிசிஏ அறிவித்தது 2024 ஜனவரியில். வார ஓய்வு 36லிருந்து 48 மணி நேரம், வாரத்துக்கு இரவு இறக்கம் ஆறிலிருந்து ரெண்டு. கம்பெனிகள் முரண்டு பிடித்ததில் நாள் தள்ளிப்போய், டெல்லி உயர் நீதிமன்றம் வரை விவகாரம் போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் ரெண்டு கட்டமாக வந்தது. ஆக, தயாராவதற்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருசம் இருந்தது. டிசம்பரில் இண்டிகோ டிஜிசிஏவிடம் சொன்ன கணக்கு என்ன தெரியுமா? தேவை 2,422 கேப்டன்கள், இருப்பது 2,357. குறைவது வெறும் 65 பேர்! துணை விமானிகள் தேவைக்கு மேலேயே இருந்தார்கள். 400 விமானம் ஓட்டுகிற கம்பெனி 65 பேரை மிச்சம் பிடித்ததில் டிசம்பர் 3 முதல் 5 வரை மட்டும் 2,507 விமானங்கள் ரத்து, 3 லட்சத்துக்கு மேல் பயணிகள் தெருவில். அளவுக்கு மீறி இறுக்கிப் பிழிந்ததுதான் முக்கியக் காரணங்களில் ஒன்று என்று விசாரணையே சொல்லியது. நேற்று வரை "செயல்திறன்" என்று பாராட்டப்பட்டது அதேதான்.

தண்டனை? 22.20 கோடி ரூபாய் அபராதம். 2024-25ல் அந்தக் கம்பெனியின் லாபம் 7,258 கோடி. வகுத்துப் பாருங்கள், ஒரு நாள் லாபத்தைவிடக் கொஞ்சம் அதிகம். :-)

அதைவிடக் கொடுமை, நெருக்கடி வந்ததும் முதலில் வெட்டப்பட்டது எது? விமானியின் ஓய்வு. இரவுப் பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை தளர்வு. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் காட்டக் கூடாது என்ற உத்தரவும் டிசம்பர் 5 அன்று வாபஸ். ஆலையில் ஆள் அதிகம் இருந்து விபத்து என்றால், "சரி, ரெண்டு மாசத்துக்கு எட்டுப் பேர் உக்காருங்க" என்று சொல்வது மாதிரி இல்லையா இது?

"சம்பளம் கூடினால் கம்பெனி முழுகிவிடும்" என்பார்கள். இண்டிகோவின் எரிபொருள் செலவு அதன் மொத்த ஊழியர் செலவைப்போல மூன்று மடங்குக்கு மேல். 2012ல் பறப்பதை நிறுத்திய கிங்பிஷரும் 2019 ஏப்ரல் 17ல் நின்ற ஜெட் ஏர்வேஸும் கடைசியில் விமானிகளுக்குச் சம்பளமே ஒழுங்காகத் தரவில்லை. கொடுக்காத சம்பளம் எப்படி முழுக்கடிக்கும்? அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் பல வருசம் மலிவு டிக்கெட்டுக்குப் பேர்போனது. விமானிகளுக்குச் சங்கமும் இருந்தது, நல்ல சம்பளமும் இருந்தது. ஒரே ரக போயிங் 737, தரையில் குறைந்த நேரம், அதில் மிச்சம் பிடித்தார்கள். (2022 டிசம்பரில் அவர்களும் 16,000 விமானங்களுக்கு மேல் ரத்து செய்தார்கள். பனிப்புயலும், ஆளை ஒதுக்குகிற பழைய மென்பொருளும் காரணம், சம்பளம் அல்ல.)

அயர்லாந்தின் ரயன்ஏர் கதை நம் கதைக்கு இன்னும் பக்கம். 2017 செப்டம்பரில் விமானிகளின் விடுமுறைக் கணக்கைச் சொதப்பி முதலில் 2,000 விமானங்கள், பிறகு குளிர்காலத்துக்கு இன்னும் 18,000 ரத்து. சங்கமே கூடாது என்று முப்பது வருசமாக வீம்பு பிடித்த கம்பெனி, அந்த டிசம்பரிலேயே விமானிகள் சங்கத்தை அங்கீகரிக்கிறோம் என்று இறங்கி வந்தது. இங்கே டிசம்பர் முடிந்தபோது கிடைத்தது தளர்வு.

"கொழுப்பு" என்று சொன்ன நண்பர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அடுத்த தடவை நீங்கள் ஏறுகிற விமானம் விடிகாலை மூணரைக்கு மதுரையில் இறங்குகிறது என்று வையுங்கள். முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது அந்த வாரத்தில் ரெண்டாவது இரவு இறக்கமா, ஆறாவதா?