கூறு கட்டிய தக்காளியும் வேனில் ஏறாத அத்தையும்

நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையோரம் ஒரு அம்மா மாலை நேரத்தில் தக்காளியைக் கூறு கட்டி வைத்திருப்பார். பார்த்ததும் 'நல்ல பெரிய பழம்' என்று கை தானாக நீளும். வீட்டில் கொட்டிப் பார்த்தால் பாதி கோலிக்குண்டு!

ஏமாற்றியது அந்த அம்மா இல்லை, என் கண்தான். நிறையப் பொருள் ஒன்றாகக் கிடந்தால், கண் ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு சராசரி போட்டுவிடுகிறது. 2001-ல் டான் ஏரியலி என்ற உளவியல் ஆய்வாளர், பல அளவு வட்டங்களைக் கண நேரம் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டார். சராசரி அளவைப் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். 'இந்த வட்டம் அதில் இருந்ததா?' என்று கேட்டால் விழித்தார்கள். அந்தச் சராசரியும் பெரியவை பக்கமே சாயும் என்று பின்னால் வந்த ஆய்வு சொல்கிறது. மேலே நாலு பெரிய பழம் வைக்கும் வித்தையை நம் வியாபாரிகள் எந்த ஆய்வுக்கூடத்திலும் படிக்கவில்லை!

எண்ணிக்கையிலும் இதே கதைதான். பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1871-லேயே, பெட்டிக்குள் விதைகளை வீசி, பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். நாலு வரை தப்பே வரவில்லை. ஐந்தில் சறுக்க ஆரம்பித்தது.

இது தெரியாமல்தான் போன வருஷம் மாட்டிக்கொண்டேன். காஞ்சிபுரத்தில் கல்யாணம். வேனில் 19 பேர். சுங்குவார்சத்திரத்தில் டீ குடித்துவிட்டு, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று திரும்பிப் பார்த்தேன். வேன் நிறைந்திருந்தது. "போலாம் ரைட்!"

ராஜகுளம் தாண்டும்போது என் மகள் கேட்டாள்: "ஆயா எங்கப்பா?"

அத்தை கழிவறைக்குப் போயிருக்கிறார். சர்க்கரை நோயாளி. மாத்திரை, செல்போன், பர்ஸ் எல்லாமே வேனில் இருந்த பையில். 18 தலைக்கும் 19 தலைக்கும் ஒரு பார்வையில் என்ன வித்தியாசம் தெரியும்? வண்டியைத் திருப்ப இடம் தேடிப் போன அந்தப் பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் ஓசியில் ஒரு பன் கொடுத்திருந்தார்.

"வண்டி ரொம்பித்தானே இருந்துச்சு அத்தை..." என்று இழுத்தேன்.

"ரொம்பியிருந்ததைப் பாத்த. நான் இருக்கனான்னு பாத்தியாடா?" என்றார்.

இப்போது எந்தப் பயணத்திலும் தலையைத் தொட்டுத் தொட்டு, நாலு நாலாக எண்ணுகிறேன். அத்தை அதையும் நம்புவதில்லை. வேன் வந்ததும் முதல் ஆளாக ஏறி, டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்.