தேதி தவறினால் ஆயுள் முழுதும் அபராதமா?

நாற்பது வருஷம் உழைத்து ஓய்ந்த தொழிலாளிக்கு என்ன வேண்டும்? நோய் வந்தால் ஒரு டாக்டர், ஒரு ஆஸ்பத்திரிப் படுக்கை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில் இதைப் பெறுவதற்கு அவன் முதலில் காலண்டரைக் கரைத்துக் குடிக்க வேண்டியிருக்கிறது!

65 வயதானவர்களுக்கு அங்கே மெடிக்கேர் என்ற சர்க்கார் இன்ஷூரன்ஸ் உண்டு. 1965ம் ஆண்டு ஜூலை 30ந் தேதி ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அது. அமெரிக்க மருத்துவ சங்கம் எதிர்த்தது. தொழிற்சங்கங்கள் போராடி நின்றன. இது யாரும் போட்ட பிச்சையல்ல. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 1.45 பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறான். பத்தாண்டு கட்டியவனுக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கான ‘ஏ’ பிரிவு சந்தாவின்றிக் கிடைக்கும். டாக்டர் செலவுக்கான ‘பி’ பிரிவுக்கு 2026ல் மாதச் சந்தா 202 டாலர் 90 சென்ட்.

அப்படியானால் தொல்லை எங்கே? வேலையிலிருந்து ஓய்வுக்குப் போகும் வாசற்படியில்தான்.

வேலை செய்யும் காலத்தில் பெரும்பாலோரின் வைத்தியம் முதலாளி எடுத்துக் கொடுக்கும் இன்ஷூரன்ஸில் தொங்குகிறது. அது முடியும் நாளையும் மெடிக்கேர் தொடங்கும் நாளையும் தொழிலாளியேதான் முடிச்சுப் போட வேண்டும். 65 பூர்த்தியாகும் மாதம், அதற்கு முன் 3 மாதம், பின் 3 மாதம்: இந்த 7 மாதத்துக்குள் பதிய வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் உள்ள கம்பெனியில் வேலை தொடர்ந்தால் ‘பி’ பிரிவைத் தள்ளிப் போடலாம். வேலை நின்றபின் 8 மாதத் தவணை. சிறு பட்டறையானால் 65லேயே பதிவதுதான் பத்திரம். இல்லையேல் கம்பெனி இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடலாம். தவணை தப்பினால், தாமதித்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் சந்தாவில் நூற்றுக்கு 10 அபராதம். ‘பி’ பிரிவில் இருக்கும்வரை அது தீராது!

ஓர் உதாரணம் பார்ப்போம். 67 வயது இரும்பாலைத் தொழிலாளி ஒருவன் 2024 ஜூன் முடிவில் ஓய்வு பெறுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்ரா என்ற சட்டப்படி, முழுச் சந்தாவையும் தானே கட்டி, கம்பெனி இன்ஷூரன்ஸை 18 மாதம் நீட்டிக்கிறான். ‘இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே’ என்று நிம்மதியாக இருக்கிறான். ஆனால் சட்டத்தின் கண்ணில் கோப்ரா கணக்கில் சேராது. அவனுடைய 8 மாதத் தவணை 2025 பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. 2025 டிசம்பரில் கோப்ராவும் தீர்கிறது. ஜனவரியில் பதிந்தாலும் பிப்ரவரியில்தான் ‘பி’ பிரிவு தொடங்கும். அதோடு மாதம் 20 டாலர் அபராதம். இவன் செய்த குற்றம் என்ன? வீட்டில் சும்மாவா இருந்தான்? மாதந்தவறாமல் பணம் கட்டினானே!

இன்னொன்றும் உண்டு. டாக்டர் கட்டணத்தில் பொதுவாக நூற்றுக்கு 20 நோயாளியின் தலையில் விழுகிறது. அதற்கு உச்சவரம்பு கிடையாது. அந்த ஓட்டையை அடைக்கத் தனியார் துணை இன்ஷூரன்ஸ் விற்கிறார்கள். 65க்கு மேல் ‘பி’ பிரிவு தொடங்கிய 6 மாதத்துக்குள் கேட்டால் கம்பெனி மறுக்க முடியாது. பிறகு, பெரும்பாலான மாநிலங்களில், இருதய நோயைக் காட்டிக் கதவைச் சாத்தலாம்.

‘அபராதம் இல்லாவிட்டால் எல்லோரும் நோய் வந்தபிறகுதானே சேருவார்கள்? நிதி என்ன ஆகும்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு மருந்து தண்டனையல்ல, தானாகப் பதிவதுதான். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை முன்பே வாங்கத் தொடங்கியவர்களை 65 வயதில் சர்க்கார் தானாகவே சேர்த்துவிடுகிறது. அவர்களுக்குச் செய்ய முடிந்ததை மற்றவர்களுக்கு ஏன் செய்யக்கூடாது? அவன் வயது சர்க்காருக்குத் தெரியாதா? சம்பளத்தில் பிடித்த கணக்கு தெரியாதா? பிடிக்கும்போது தவறாத கணக்கு, கொடுக்கும்போது மட்டும் தவறுவதா?

சட்டம் திருந்தும்வரை ஓய்வுபெறும் தொழிலாளி ஏமாறக்கூடாது. வேலை நிற்பதற்கு மூன்று மாதம் முன்பே விசாரிக்க வேண்டும். கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்ததற்கு முதலாளியிடம் எழுத்தில் அத்தாட்சி வாங்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசனைத் திட்டம் இருக்கிறது. தொழிற்சங்கம் அவனைக் கைபிடித்து அங்கே அழைத்துச் செல்ல வேண்டும்.

போராடிப் பெற்ற உரிமை, தேதி தெரியாத காரணத்தால் பறிபோகலாகாது!