கணினி சொல்லும் பெயர்

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டின் இறுதிக்குள் உயர்நிலைப்பள்ளி மாணவர்கள் அனைவரின் கைக்கும் கற்றல் சாதனம் வந்து சேர்ந்தது. கட்டுரை, இடுபணி, குழுத் திட்டப்பணி எனப் பலவும் இன்று கணினியிலேயே எழுதப்படுகின்றன. ஆனால், எழுதும்போது காட்டும் கவனத்தைச் சேமிக்கும்போது பலர் காட்டுவதில்லை.

ஒரு கோப்பை முதன்முறையாகச் சேமிக்கும்போது கணினி அதன் பெயரைக் கேட்கும். அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டு போன்ற செயலிகள் ஆவணத்தின் முதல் வரியில் உள்ள சொற்களையே பெயராக முன்வைக்கின்றன. எந்தக் கோப்புறையில் சேமிப்பது என்பதையும் அவையே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். பயனர் எதையும் மாற்றாவிட்டால் தானாகவே நடைமுறைக்கு வரும் இத்தகைய தேர்வை 'முன்னிருப்பு மதிப்பு' என்பர்.

முன்னிருப்பு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது உண்மையே. எனினும், லிட்டில் இந்தியாவைப் பற்றித் திட்டப்பணி செய்யும் நான்கு மாணவர்களைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவர் தேக்கா சந்தையைப் பற்றியும், மற்றவர்கள் சிராங்கூன் சாலைக் கோயில்கள், பூக்கடைகள், இந்திய மரபுடைமை நிலையம் ஆகியவற்றைப் பற்றியும் எழுதுகின்றனர். நால்வரும் முதல் வரியில் 'லிட்டில் இந்தியா' என்று தலைப்பிடுகின்றனர். கணினி நால்வருக்கும் அதே பெயரை முன்வைக்கிறது. கோப்புகளைப் பொதுக் கோப்புறையில் வைக்கும்போது, 'இதே பெயரில் ஒரு கோப்பு உள்ளது. அதன் இடத்தில் இதை வைக்கலாமா?' என்ற கேள்வி எழுகிறது. அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தினால், நண்பரின் ஒரு வார உழைப்பு நொடியில் மறைந்துபோகலாம்.

முன்னிருப்பு கணினியில் மட்டும் இருப்பதன்று; சட்டத்திலும் உண்டு. சிங்கப்பூரின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1987இல் இயற்றப்பட்டது. வேண்டாம் என்று எழுதித் தராதவர், இறந்த பிறகு உறுப்புக் கொடைக்கு இசைந்தவராகவே அச்சட்டத்தின்படி கருதப்படுகிறார். ஆயினும், 21 வயதை நெருங்குவோருக்கு இதுபற்றிக் கடிதம் அனுப்பப்படுகிறது. விருப்பமில்லாதவர் விலகிக்கொள்ளவும் வழி உண்டு. நல்ல முன்னிருப்பு இப்படித்தான் இருக்க வேண்டும். அது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். மறுக்கும் உரிமையையும் தர வேண்டும்.

மென்பொருள் உருவாக்குவோரும் இதைக் கடைப்பிடிப்பது அவசியம். பயனர் எதிர்பாராத பெயரையோ இடத்தையோ ஓசையின்றித் தேர்ந்தெடுத்து வைப்பது உதவியாகாது. அதே வேளையில், முழுப் பொறுப்பையும் அவர்கள்மீதே சுமத்திவிட முடியாது. 'தேக்கா சந்தை' என்று பொருளையும், எழுதியவரின் பெயரையும், தேதியையும் கோப்பின் பெயரில் சேர்க்கச் சில நொடிகளே ஆகும்.

முன்னிருப்பு என்பது வேறு யாரோ ஒருவர் முன்கூட்டியே எடுத்து வைத்த முடிவு. அதை ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால், படித்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ள வேண்டும். இப்பழக்கத்தைக் கோப்புக்குப் பெயரிடுவதில் தொடங்கும் மாணவர், நாளை படிவங்களையும் ஒப்பந்தங்களையும் படிக்காமல் கையொப்பமிட மாட்டார்.