உயரம் மட்டுமா அளவுகோல்?

பாடசாலை அணிக்குத் தெரிவு நடக்கும் நாளில் எல்லோரையும் வரிசையாக நிறுத்துவார்கள். நெட்டையானவளுக்கு வளையத்தின் கீழ் இடம். கட்டையானவளுக்கு ஓரத்தில் இடம், அல்லது இடமே இல்லை.

உயரத்தின் பயனை யாரும் மறுக்க முடியாது. வலைப்பந்தாட்டத்தில் நம் நாட்டுத் தர்ஜினி சிவலிங்கம் 6 அடி 10 அங்குலம். 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல்களைப் போட்டவர் அவரே. ஆனால் வலைப்பந்தில் தடுப்பவர் 3 அடி தள்ளி நிற்க வேண்டும். கூடைப்பந்து அப்படியல்ல. அங்கே வளையத்தின் கீழுள்ள இடத்தைக் காலாலும் தோளாலும் பிடிக்க வேண்டும்; பந்து எங்கே விழும் என்று முன்பே கணிக்க வேண்டும். அமெரிக்காவின் வெஸ் அன்செல்ட் 6 அடி 7 அங்குலம். நமக்கு அது மலை. ஏழடிக்காரர்கள் ஆடும் சென்டர் இடத்துக்கு அது கட்டை. அவரோ 1969இல், தமது முதல் பருவத்திலேயே, என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவானார்.

ஸ்பிரிங்வெளியில் இது வெறும் விளையாட்டுப் பேச்சல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறங்களில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. போசாக்குக் குறைவால் வளராத பிள்ளையை, வளரவில்லை என்று மைதானத்திலிருந்தும் அனுப்புவது இரட்டைத் தண்டனை.

கட்டையானவர் எல்லோரும் சென்டராகிவிட முடியாதுதான். ஆனால் தெரிவு செய்வோரே, உயரத்தை அளக்குமுன் பந்தைக் கொடுத்துப் பத்து நிமிடம் ஆடவிட்டுப் பாருங்கள்.