சொந்த ஊருக்கு ஒரு சுற்றுலா

சென்ற மாதம் மூன்று நாள் கடலூர்ப் பக்கம் போய் வந்தோம். முன்பெல்லாம் இதையே "ஊருக்குப் போய் வந்தோம்" என்று சொல்வது வழக்கம். எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது பெயர் சொல்லவேண்டியிருக்கிறது.

நம்முடைய ஊர் திருவயிந்திரபுரம். பேச்சு வழக்கில் திருவந்திபுரம். ஔஷதகிரியின் அடிவாரம். மலை என்றதும் நேயர்கள் நீலகிரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். 74 படிகள் ஏறினால் ஹயக்ரீவர் சந்நிதி. அதோடு மலை முடிந்துவிடும். அநுமார் தூக்கிச் சென்ற சஞ்சீவி பர்வதத்திலிருந்து சிந்திய துண்டு என்று ஐதிகம். துண்டுக்கு ஏற்ற அளவுதான். ஆனாலும், அதைவிடப் பெரிய மலை உலகத்தில் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் எவனாவது சொன்னால், அந்நாளில் நாம் சண்டைக்குப் போய்விடுவோம்.

அடிவாரத்தில் இருந்த வீட்டை ஏழு வருஷத்துக்கு முன் விற்றோம். பராமரிக்க ஆள் இல்லை, ஓடு சரிந்துவிட்டது, சென்னையிலிருந்து அடிக்கடி வர முடியவில்லை என்று அப்போது காரணங்கள் சொன்னோம். எல்லாம் உண்மையே. பணம் தேவைப்பட்டது என்பதை மட்டும் உரக்கச் சொல்லவில்லை. ஆகையால் இந்தத் தடவை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு விடுதியில் இறங்கினோம். குமாஸ்தா பெரிய புத்தகத்தை நீட்டினார். "வந்த காரியம்" என்று அதில் ஒரு பத்தி. பேனா சற்று நின்றது. "சுற்றுலா என்று எழுதுங்கள், அப்பா" என்றான் நம் பையன். அப்படியே எழுதினோம்.

சுற்றுலாவாசி ஆனபின் அதற்குரிய கடமைகளைச் செய்யவேண்டும் அல்லவா? முதல் நாள் தேவனாம்பட்டினம் போனோம். அங்குள்ள கோட்டையை 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். எல்லை வகுத்த விதந்தான் விநோதம். கோட்டையிலிருந்து நாலா பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரையில் உள்ள கிராமங்கள் எல்லாம் தங்களுடையவை என்றார்கள். நிலம் விற்பதில் நம்மைவிட அசட்டையாக இருந்தவர்களும் உண்டு என்று அறிந்து சிறிது ஆறுதல் அடைந்தோம். குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. அந்தப் பெயர் இந்தச் சரித்திரத்தால் வந்ததே என்பார்கள். 1746-ல் சென்னைப் பட்டணம் பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது, கம்பெனியின் தென்னாட்டுத் தலைமை இந்தக் கோட்டைக்குத்தான் வந்தது. 1758-ல் லாலி இதைப் பிடித்து இடித்துத் தள்ளினான். இன்று எஞ்சியிருப்பது சொற்பம்.

பையன் படம் எடுத்துக்கொண்டான். கடலூர்ச் சிறையைப் பற்றியும் அவனுக்குச் சொன்னோம். புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரை 1918 நவம்பரில் கைது செய்து, மூன்று வாரத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தார்கள். 1927-ல் நீல் சிலையை அகற்றக் கோரிச் சென்னையில் நடந்த சத்தியாக்கிரகத்துக்கு ஒன்பது வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு போன அஞ்சலையம்மாள் இந்தக் கடலூர்க்காரர்தான். "இதையெல்லாம் ஏன் இதுவரை சொல்லவில்லை?" என்று அவன் கேட்டான். ஊரில் இருந்தபோது இவற்றைப் பார்க்கவேண்டியவை என்று நாம் நினைத்ததே இல்லை. ஆகவே பதில் சொல்லாமல் சுண்டல் வாங்கிக் கொடுத்தோம்.

இரண்டாம் நாள் சிதம்பரம். நடராஜர் தரிசனமும், அதன்பின் கத்திரிக்காய்க் கொத்சும் கிடைத்தன. பிச்சாவரத்தில் படகு ஏறினோம். நீர்க்கால்களின் இருபுறமும் சதுப்பு மரங்கள் வேர் ஊன்றி நின்றன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காடு பின்னால் இருந்த குப்பங்களுக்கு ஓரளவு அரணாக நின்றது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். படகுக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, "இதுதான் தில்லை. பால் கண்ணில் பட்டால் ஆபத்து, தொடாதீர்கள்" என்றார். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த மரம் அது. பெயர் ஊரில் இருக்கிறது. மரமோ பல மைலுக்கு அப்பால் உப்பங்கழி ஓரத்தில் நிற்கிறது. நம் வீட்டார் நம்மைத் திரும்பிப் பார்த்தார். நாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள்தான் திருவந்திபுரம். முதல் நாளே போகலாம். ஏதோ காரணம் சொல்லித் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். அன்று முகூர்த்த நாள். மலைமேல் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. நம் வீடு இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை; வீடுதான் இல்லை. தரையைச் சமன் செய்து வண்டிகள் நிறுத்தும் இடமாக்கியிருக்கிறார்கள். கொல்லைக் கிணற்றின் உறை மட்டும் ஒரு மூலையில் தெரிந்தது. "இங்கேதானா?" என்றான் பையன். ஆம் என்றோம். அவன் அங்கே படம் எடுக்கவில்லை.

பெருமாள் கோயிலில் தீர்த்தக் கிணற்றில் உப்பு, மிளகு, வெல்லம் போடும் பிரார்த்தனை உண்டு. வாசலில் பொட்டலம் விற்ற கிழவியிடம் போனோம். "முப்பது ரூபாய்" என்றாள். கொடுத்தோம். நம் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள்.

"தம்பி, நீ கிணற்றடி வீட்டு வாத்தியார் மகனா?"

"ஆமாம், ஆயா."

"வீட்டை வித்துட்டீங்களே" என்றாள். அதில் குற்றச்சாட்டு இருந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு சுருக்குப் பையை அவிழ்த்துப் பத்து ரூபாயை எடுத்து நம் கையில் திருப்பி வைத்தாள்.

"ஊர்க்காரங்களுக்கு இருபதுதான்."